மேன்ஹன்ட் 2 விவகாரம்: வயது முத்திரையும் தடை அதிகாரமும்

2007ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று, பிரிட்டிஷ் திரைப்பட வகைப்படுத்தல் வாரியம் 'மேன்ஹன்ட் 2' என்ற வீடியோ கேமுக்குச் சான்றிதழ் தர மறுத்தது. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையோடுகூட அதைப் பிரிட்டனில் விற்க முடியாது என்பதே அந்த முடிவின் பொருள். 1997இல் 'கார்மகெடன்' என்ற விளையாட்டுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டதற்குப் பிறகு, பத்து ஆண்டுகளில் அந்த வாரியம் இப்படி நடந்துகொண்டது அதுவே முதல்முறை. அதே வாரத்தில் அயர்லாந்தின் தணிக்கை அலுவலகமும் அதைத் தடை செய்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில், அமெரிக்க வீடியோ கேம் தர வாரியம் அதே விளையாட்டுக்குப் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற தரத்தை முதற்கட்டமாக வழங்கியது. கேட்பதற்கு இது மென்மையான முடிவாகத் தோன்றினாலும், அந்தத் தரம் பெற்ற எந்த விளையாட்டையும் தங்கள் விளையாட்டுக் கருவிகளில் சோனியும் நிண்டெண்டோவும் அனுமதிப்பதில்லை. ஜூலையில் கடைகளுக்கு வரவிருந்த விளையாட்டின் வெளியீட்டை, வெளியீட்டாளரான டேக்-டூ நிறுவனம் ஒரு வாரத்துக்குள் நிறுத்திவைத்தது.

வன்முறை மிகுந்த விளையாட்டுகள் கொலைகாரர்களை உருவாக்குகின்றனவா என்ற கேள்விதான் இத்தகைய சர்ச்சைகளில் எப்போதும் முன்னால் வந்து நிற்கிறது. மேன்ஹன்ட் 2 விவகாரத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ந்து பார்த்தால், அதைவிடக் கூர்மையான வேறொரு கேள்வி எழுவதைக் காணலாம்: வயது வந்த ஒருவர் தன் வீட்டில் என்ன விளையாடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரத்தைக் கையாள்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரா என்பதே அது. பிரிட்டன் வெளிப்படையாகத் தடை விதித்தது, காரணத்தை எழுத்தில் தந்தது, மேல்முறையீட்டில் தோற்றது. அமெரிக்காவில் சட்டப்படி யாரும் தடை விதிக்கவில்லை, ஆனாலும் அந்த வடிவில் விளையாட்டு கடைக்கு வரவில்லை. இந்த இரண்டு வழிகளில் பிரிட்டனின் வழியே நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து. அந்த வாரியம் எடுத்த முடிவு தவறானது என்று நினைக்கும் நான் இதைச் சொல்கிறேன்.

லெஸ்டர் கொலையும் முதல் விளையாட்டும்

முதல் 'மேன்ஹன்ட்' 2003 நவம்பரில் வெளியானது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இயங்கும் ராக்ஸ்டார் நார்த் குழு அதை உருவாக்கியிருந்தது. மரண தண்டனைக் கைதி ஒருவன் தண்டனையிலிருந்து இரகசியமாகக் காப்பாற்றப்படுகிறான். மறைவில் இருக்கும் ஓர் இயக்குநர், பாழடைந்த நகரம் ஒன்றில் அவனைக் கொலைகள் செய்யவைத்து, அவற்றைக் கேமராவில் பதிவு செய்கிறார். காதில் மாட்டிய கருவி வழியே இயக்குநரின் குரல் அவனை ஏவிக்கொண்டே இருக்கும். நியூசிலாந்து அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா முதலில் அனுமதித்து, 2004இல் அனுமதியைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் அது 18 முத்திரையோடு, பெரிய சலசலப்பு எதுவும் இல்லாமல் விற்பனையானது.

2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் பூங்கா ஒன்றில் 14 வயதுச் சிறுவன் ஒருவனை, அவனுக்குத் தெரிந்த 17 வயது இளைஞன் ஒருவன் கொடூரமாகக் கொன்றான். குற்றவாளி அந்த விளையாட்டின் மீது வெறிகொண்டிருந்தான் என்றும், கொலை நடந்த விதம் விளையாட்டில் வருவதைப் போலவே இருந்தது என்றும் சிறுவனின் பெற்றோர் கூறினர். மகனை இழந்தவர்களின் அந்தச் சொற்களை எவரும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நாளிதழ்கள் அவற்றை முதல் பக்கத்தில் வெளியிட்டு, விளையாட்டைத் தடை செய்யக் கோரின. சில கடைத்தொடர்கள் அதை அலமாரியிலிருந்து அகற்றின. லெஸ்டர் கிழக்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கீத் வாஸ் அடுத்த பல ஆண்டுகளுக்கு இதைத் தன் முக்கியப் போராட்டமாக ஆக்கிக்கொண்டார்.

ஆனால் விசாரணை நடத்திய காவல்துறை வேறு விதமாகச் சொன்னது. கொலைக்கான காரணம் கொள்ளை என்பதே அவர்களின் முடிவு. விளையாட்டுக்கும் கொலைக்கும் தொடர்பு இருப்பதாக அவர்கள் கருதவில்லை. விளையாட்டின் பிரதி கிடைத்தது கொன்றவனின் அறையில் அல்ல, கொல்லப்பட்ட சிறுவனின் அறையில். இந்த உண்மை அன்று பரவலாக அறியப்படவில்லை. அறியப்பட்ட இடத்திலும் அது யாருடைய மனத்தையும் பெரிதாக மாற்றியதாகத் தெரியவில்லை. அதில் இன்னொரு உண்மையும் பொதிந்திருந்தது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாத ஒரு விளையாட்டு, 14 வயதுச் சிறுவனின் அறையில் இருந்திருக்கிறது. விளையாட்டு கொலை செய்யத் தூண்டுகிறதா என்று நாடே விவாதித்த நாட்களில், அந்தப் பெட்டி அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது அதே அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை.

வாரியம் கண்டது என்ன

இரண்டாவது விளையாட்டின் நாயகன் டேனியல் லாம்ப் என்ற அறிவியலாளன். நினைவிழந்த நிலையில் மனநலக் காப்பகம் ஒன்றிலிருந்து தப்பித்து, தனக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தேடிப் போகிறான். லியோ என்ற இன்னொருவன் அவன் கூடவே வந்து அவனைக் கொலைக்குத் தூண்டுகிறான். கதை இதுதான் என்றாலும், விளையாடும் நேரத்தின் பெரும்பகுதி இருளில் ஒளிந்திருந்து, எதிரியின் பின்னால் ஓசையின்றி நெருங்கி, அவனைக் கொல்வதிலேயே கழிகிறது. கொலைக்கான பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அதற்கேற்பக் கொலை மூன்று படிகளில் கொடூரமாகிறது. உடனே விட்டுவிட்டால் விரைவாக முடியும். இன்னும் சில நொடிகள் பொறுத்தால் காட்சி நீளும். கடைசிப் படிவரை காத்திருப்பவர் காண்பது மிகக் கோரமானது. காத்திருக்கும் அந்த நொடிகளில் எதிரி திரும்பிவிடலாம், அதனால் ஆபத்தும் கூடுகிறது. அதிகக் கொடூரத்துக்கு அதிகத் துணிவும் திறமையும் தேவைப்படும்படி விளையாட்டு கட்டப்பட்டிருக்கிறது.

நிண்டெண்டோவின் வீ கருவிக்கான வடிவம் இதில் ஒரு படி மேலே சென்றது. அந்தக் கருவி, பாட்டி முதல் பேரன்வரை வரவேற்பறையில் கூடி டென்னிஸ் ஆடுவதற்கானது என்று விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. அதன் கைப்பிடியை வெட்டுவதைப் போலவும் குத்துவதைப் போலவும் அசைத்தால்தான் மேன்ஹன்ட் 2இல் கொலை நிறைவேறும். பொத்தானை அழுத்துவதும் கையையே ஓங்குவதும் ஒன்றுதானா என்ற ஐயம் அன்று பலருக்கு நியாயமாகவே எழுந்தது.

வாரியத்தின் ஆய்வாளர்கள் இந்த விளையாட்டைத் தாங்களே ஆடிப் பார்த்தார்கள். அன்றைய இயக்குநர் டேவிட் குக் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இது: சமகாலத்தின் மற்ற வன்முறை விளையாட்டுகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது, இடைவிடாத இருண்மையும் இரக்கமற்ற தொனியும், கொலையிலிருந்து விளையாடுபவரை விலக்கி நிறுத்தும் அம்சங்கள் மிகக் குறைவு, கொலைகள் செய்யப்படும் விதத்திலும் அவற்றுக்கு அளிக்கப்படும் ஊக்கத்திலும் வக்கிரம் தொடர்ந்து குவிந்துகொண்டே போகிறது. காட்சிகளை வெட்டியோ மாற்றியோ சரிசெய்யக்கூடிய விளையாட்டாக இது அமையவில்லை என்றும் வாரியம் கருதியது.

அந்த அறிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டைத் தடை செய்யும் அமைப்பு, அதை முழுமையாகப் பார்த்து, எந்தக் கூறு ஏற்கத்தக்கதன்று, ஏன் என்று தன் தலைவரின் பெயரோடு எழுதித் தந்திருக்கிறது. எதிர்க்க விரும்புபவருக்கு எதை எதிர்ப்பது என்று தெரிகிறது. இரத்தத்தின் அளவைக் கணக்கிடாமல், விளையாட்டு எந்த மனநிலையைப் பரிசளிக்கிறது என்று வாரியம் கேட்டது. அந்தக் கேள்வி சரியானது என்றே நான் எண்ணுகிறேன். விடையிலிருந்து தடைக்குத் தாவிய இடத்தில்தான் சிக்கல் தொடங்கியது.

தீங்கு நேரக்கூடுமா?

பிரிட்டனில் வீடியோ கேம்கள் பெரும்பாலும் வாரியத்தின் சான்றிதழ் இல்லாமலேயே விற்கப்பட்டு வந்தன. 1984ஆம் ஆண்டின் வீடியோ பதிவுச் சட்டம் அவற்றுக்கு விலக்கு அளித்திருந்தது. கடுமையான வன்முறையோ பாலியல் காட்சிகளோ இருந்தால் மட்டும் அந்த விலக்கு நீங்கி, வாரியத்தின் சான்றிதழ் கட்டாயமாகும். சான்றிதழ் இல்லாமல் அத்தகைய ஒன்றை விற்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, 18 முத்திரை உள்ளதைச் சிறாருக்கு விற்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது 5,000 பவுண்டு அபராதம் என்று சட்டம் வகுத்திருந்தது.

இந்தச் சட்டத்தில் 1994இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு லிவர்பூல் அருகே இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்ற நிகழ்வு நாட்டையே உலுக்கியிருந்தது. குறிப்பிட்ட ஒரு திகில் படத்தை அவர்கள் பார்த்திருக்கக்கூடும் என்ற பேச்சு நீதிமன்றத்திலிருந்து நாளிதழ்களுக்கும், அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கும் பரவியது. அவர்கள் அதைப் பார்த்ததற்குக் காவல்துறையிடம் சான்று இருக்கவில்லை. லெஸ்டர் விவகாரத்தில் பின்னால் நடந்தது ஏறக்குறைய அப்படியே பத்தாண்டுகளுக்கு முன்பு நடந்திருக்கிறது. அந்தக் கொந்தளிப்பில் பிறந்த பிரிவுதான் மேன்ஹன்ட் 2 வழக்கின் அச்சாணியாக அமைந்தது.

பார்க்கக்கூடியவர்களுக்கு நேரக்கூடிய தீங்கையும், அவர்களின் நடத்தை வழியாகச் சமூகத்துக்கு நேரக்கூடிய தீங்கையும் வாரியம் சிறப்பாகக் கருத வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பார்க்கக்கூடியவர் யார் என்பதற்கும் அதிலேயே விளக்கம் உண்டு: சான்றிதழ் அளிக்கப்பட்டால் அதைப் பார்க்க வாய்ப்புள்ள எவரும், சிறார் உட்பட. இதன் விளைவை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு விளையாட்டுக்கு 18 முத்திரை குத்தினாலும், அதையும் மீறிச் சிறுவர்கள் அதை ஆடக்கூடும் என்றால், அந்தச் சிறுவர்களுக்கு நேரக்கூடிய தீங்கை வைத்தே பெரியவர்களுக்கும் மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முத்திரை வேலை செய்யும் என்று நம்பினால் தடை தேவையில்லை. வேலை செய்யாது என்று கருதினால், முத்திரை குத்துகிற எல்லா விளையாட்டுகளின் நிலையும் கேள்விக்குள்ளாகிறது. ஒரு வாரியம் தன் கையிலுள்ள முத்திரை வலுவற்றது என்ற அடிப்படையில் தடை விதிக்கும்போது, தன் அன்றாடப் பணியின் அடித்தளத்தையே அசைக்கிறது.

தீங்கு பற்றிய சான்றும் வாரியத்தின் பக்கம் திடமாக இல்லை. அதே 2007ஆம் ஆண்டில் வாரியமே விளையாடுவோரைப் பற்றி ஓர் ஆய்வு செய்வித்து வெளியிட்டிருந்தது. விளையாடுபவர்கள் தாங்கள் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வை இழப்பதில்லை, திரைப்படம் பார்ப்பவரைவிட அவர்கள் உணர்ச்சியளவில் விலகியே இருக்கிறார்கள் என்ற திசையில் அதன் கண்டறிதல்கள் இருந்தன.

டேக்-டூவின் துணை நிறுவனமான ராக்ஸ்டார் விளையாட்டைத் திருத்தியது. கொலைக் காட்சிகளின் மீது மங்கலும் நிறமாற்றமும் அதிர்வும் ஏற்றப்பட்டு, என்ன நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியாதபடி ஆக்கப்பட்டது. அந்தத் திருத்திய வடிவத்தையும் 2007 அக்டோபர் 8 அன்று வாரியம் மறுத்தது. காட்சியை மங்கலாக்கினாலும் விளையாட்டின் தொனி மாறிவிடவில்லை என்பது அவர்களின் நிலை. முதல் அறிக்கையின் தர்க்கப்படி பார்த்தால் இது முரணற்ற முடிவுதான். காட்சிகளைக் குறை சொல்லாத ஒருவரைக் காட்சிகளை மறைத்துச் சமாதானப்படுத்த முடியாது.

நிறுவனம் வீடியோ மேல்முறையீட்டுக் குழுவிடம் சென்றது. 2007 டிசம்பர் 10 அன்று குழு நான்குக்கு மூன்று என்ற வாக்கில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வாரியம் பின்வாங்காமல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கோரியது. 2008 ஜனவரி 24 அன்று நீதிபதி மிட்டிங், குழு சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று கூறி அதன் முடிவை நீக்கி, வழக்கை மீண்டும் குழுவிடமே அனுப்பினார். தீங்கு உண்மையில் நேர்ந்திருக்கிறதா என்று கேட்பது போதாது, நேரக்கூடுமா என்று கேட்பதையே சட்டம் வேண்டுகிறது என்பது அவர் தீர்ப்பின் மையம். சட்டத்தின் வாசகத்தைப் பார்க்கும்போது அவர் சொன்னதில் குறை காண முடியாது.

ஆனாலும் மார்ச் மாதம் குழு மறுபடி கூடி, நீதிமன்றம் காட்டிய அளவுகோலைக் கொண்டே பரிசீலித்து, மீண்டும் சான்றிதழ் வழங்கும்படி முடிவு செய்தது. இனி எதிர்க்க வழியில்லை என்று வாரியம் ஏற்றுக்கொண்டு 18 முத்திரையை அளித்தது. 2008 அக்டோபர் 31 அன்று, முதல் மறுப்புக்குப் பதினாறு மாதங்களுக்குப் பின், திருத்திய மேன்ஹன்ட் 2 பிரிட்டனின் கடைகளுக்கு வந்தது.

இந்தப் பதினாறு மாதங்களை வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரியத்தின் வாதம், நிறுவனத்தின் வாதம், குழுவுக்குள்ளேயே இருந்த பிளவு, நீதிபதியின் திருத்தம் என ஒவ்வொரு படியும் பொது அறிவுக்கு வந்தது. தடை விதித்தவரும் இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்கத் தர வாரியம் அரசு அமைப்பு அன்று. 'மார்ட்டல் காம்பாட்' போன்ற விளையாட்டுகளைப் பற்றி 1993 டிசம்பரில் செனட்டர்கள் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் நடத்திய விசாரணைகளுக்குப் பிறகு, அரசு சட்டம் இயற்றுவதைத் தவிர்க்கும் பொருட்டு, விளையாட்டுத் துறையே 1994இல் அதை அமைத்தது. அதன் மதிப்பீட்டாளர்கள் வெளியீட்டாளர் நிரப்பித் தரும் வினாத்தாளையும், மிகக் கடுமையான பகுதிகளைக் காட்டும் வீடியோ பதிவையும் கொண்டு தரத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

அதன் தரவரிசையில் 'முதிர்ந்தோர்' என்பது 17 வயதுக்கு மேல். 'பெரியவர்களுக்கு மட்டும்' என்பது 18 வயதுக்கு மேல். ஓராண்டு வேறுபாடுதான். ஆனால் வணிகத்தில் இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு பெரும் மதில். முதல் தரம் பெற்ற விளையாட்டு எல்லாக் கடைகளிலும் விற்கும். இரண்டாம் தரம் பெற்றதைக் கருவித் தயாரிப்பாளர்கள் தங்கள் இயந்திரத்தில் ஏற்பதில்லை, வால்மார்ட் போன்ற பெரிய கடைத்தொடர்கள் விற்பதில்லை. இதே டேக்-டூ நிறுவனம் 2005இல் இதன் விலையை அனுபவித்திருந்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டின் வட்டுக்குள் மறைந்திருந்த பாலியல் காட்சியொன்று வெளிப்பட்டு, தரம் மாற்றப்பட்டதும், கடைகள் அதை அலமாரியிலிருந்து இறக்கின.

மேன்ஹன்ட் 2க்கு முதற்கட்டத் தரம் வந்தபோது டேக்-டூ நிறுவனத்தின் தலைவர் ஸ்டிராஸ் செல்னிக் விளையாட்டைக் கலைப் படைப்பு என்று ஆதரித்துப் பேசினார். பேச்சு அப்படி இருந்தாலும் நிறுவனம் தேர்ந்த வழி இதுதான்: வெட்டித் திருத்தி, மறுபடி சமர்ப்பிப்பது. ஆகஸ்டில் திருத்திய வடிவம் 'முதிர்ந்தோர்' தரம் பெற்று, அக்டோபர் இறுதியில் விற்பனைக்கு வந்தது. எந்தக் காட்சி எல்லை மீறியது, எது மாறியதும் எல்லைக்குள் வந்தது என்பதை வாரியம் பொதுவில் விளக்கவில்லை. சோனியும் நிண்டெண்டோவும் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை; தங்கள் நீண்டகாலக் கொள்கையை நினைவூட்டினார்கள், அவ்வளவுதான். மேல்முறையீடு செய்ய நீதிமன்றமும் இல்லை, ஏனெனில் சட்டத்தின் கண்ணில் எதுவும் தடுக்கப்படவே இல்லை.

வெளியான சில நாட்களில் அந்தத் திருத்தத்தின் மெல்லிய தன்மையும் வெளிப்பட்டது. சோனியின் கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் போர்ட்டபிளுக்கான வடிவத்தின் கோப்புகளை மாற்றி, காட்சிகளின் மேல் போடப்பட்ட மங்கல் திரையைச் சிலர் நீக்கிவிட்டார்கள். அடியில் இருந்த காட்சிகள் அப்படியே இருந்தன. ஹிலாரி கிளின்டன், ஜோ லீபர்மன், இவான் பேய், சாம் பிரவுன்பேக் ஆகிய நான்கு செனட்டர்கள் தரத்தை மறுபரிசீலனை செய்யக் கோரி நவம்பரில் கடிதம் எழுதினர். வட்டில் இருந்தவை அனைத்தையும் வெளியீட்டாளர் முன்கூட்டியே தெரிவித்திருந்ததால் தரத்தை மாற்ற வேண்டியதில்லை என்று வாரியம் பதில் தந்தது. திருத்தப்படாத வடிவம், 2009இல் கணினிக்கான பதிவிறக்கமாக, 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற தரத்தோடு அமெரிக்காவில் விற்கப்பட்டது. கணினிக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே விளையாட்டு. கருவிக்குக் கதவைத் திறப்பவர் யார் என்பது மட்டும் வேறு.

அமெரிக்க வழிக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011 ஜூன் 27 அன்று, வன்முறை விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்பதைத் தண்டனைக்குரியதாக்கிய கலிஃபோர்னியாச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது. நீதிபதி ஸ்காலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, வீடியோ கேம்களும் நூல்களையும் நாடகங்களையும் போலவே பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உரியவை என்று உறுதிசெய்தது. அரசின் கை எட்டாத அந்த உரிமை பெரியது, போற்றத்தக்கது. ஆனால் அரசிடமிருந்து காக்கப்பட்ட ஒரு படைப்பு, இரண்டு மூன்று நிறுவனங்களின் ஒப்பந்த விதிகளின் முன் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. அதன்முன் வைக்கப்பட்ட கேள்வியும் அதுவன்று.

கடை மேசையும் வீடும்

இத்தனை போராட்டத்திலும் சிறுவர்களின் நிலை என்ன? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழக்கும் கடிதமும் பெரியவர்களுக்கு விற்கப்படும் ஒரு பொருளைச் சுற்றியே நடந்தன. சிறுவர் கைக்கு அது போகாமல் தடுப்பது வேறொரு வேலை. கடையில் பணம் வாங்குபவர் வயதைக் கேட்பதிலும், வீட்டில் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பெற்றோர் படிப்பதிலும் அடங்கிய வேலை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் பெரியவர் துணையில்லாத சிறார்களைக் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்து வந்தது. 2000இல் அவ்வாறு சென்றவர்களில் 85 விழுக்காட்டினர் 'முதிர்ந்தோர்' தர விளையாட்டை வாங்க முடிந்தது. 2011இல் வெளியான முடிவில் அது 13 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இந்தக் குறைவு எந்தத் தடையாலும் வந்ததன்று. பணியாளர்களுக்கான பயிற்சி, அடையாள அட்டை கேட்கும் வழக்கம், சோதனை முடிவுகள் பொதுவில் வெளியாகும் என்ற அச்சம் ஆகியவை சேர்ந்து அதைச் சாதித்தன என்றே கருதுகிறேன்.

பிரிட்டனில் உளவியலாளர் டானியா பைரன் அரசுக்காகத் தயாரித்த அறிக்கை 2008 மார்ச் மாதம், மேல்முறையீட்டுக் குழுவின் இரண்டாவது முடிவு வந்த அதே மாதத்தில் வெளியானது. விளையாட்டுகள் தீயவையா நல்லவையா என்ற இருமுனை விவாதத்திலிருந்து விலகி, குழந்தையின் வயது, சூழல், பெற்றோரின் அறிவு ஆகியவற்றை அவர் பேசினார். ஒரே அலமாரியில் இருவகை முத்திரைகள் இருப்பதும் பெற்றோரைக் குழப்பியது: பெரும்பாலான பெட்டிகளில் 2003இல் தொடங்கிய பெகி என்ற ஐரோப்பிய முத்திரை, கடும் வன்முறை உள்ளவற்றில் மட்டும் திரைப்பட வாரியத்தின் முத்திரை. பெட்டியில் உள்ள 12 என்ற எண்ணை விளையாட்டின் கடினத்தன்மை என்று நினைத்து, தன் மகன் கெட்டிக்காரன் என்பதால் அது பரவாயில்லை என்று கருதும் பெற்றோர் உண்டு. அப்படி நினைக்கும் ஒருவருக்கு மேல்முறையீட்டுக் குழுவின் எந்தத் தீர்ப்பும் உதவாது.

அடுத்து நடந்தது, இந்த விவகாரத்தைத் தொடர்ந்தவர்கள் எவரும் எதிர்பாராதது. 2009 ஆகஸ்டில், 1984ஆம் ஆண்டின் வீடியோ பதிவுச் சட்டத்தை இயற்றியபோது ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கத் தவறிவிட்டார்கள் என்றும், அதனால் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தவே முடியாது என்றும் தெரியவந்தது. மேன்ஹன்ட் 2க்கு எதிராக வாரியம், குழு, உயர் நீதிமன்றம் என மூன்று தளங்களில் வாதிடப்பட்ட சட்டம் அது. 2010 ஜனவரியில் நாடாளுமன்றம் அதே வாசகத்தை மறுபடி நிறைவேற்றி ஓட்டையை அடைத்தது. தொடர்ந்து 2010ஆம் ஆண்டின் டிஜிட்டல் பொருளாதாரச் சட்டம் விளையாட்டுகளைத் திரைப்பட வாரியத்தின் பொறுப்பிலிருந்து எடுத்து, பெகி முறைக்கு மாற்றியது. 2012 ஜூலை 30 முதல் 12, 16, 18 ஆகிய பெகி முத்திரைகளே பிரிட்டனின் கடைகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துகின்றன. காரணமற்ற கொலையும், தற்காத்துக்கொள்ள இயலாதவர் மீதான வன்முறையும் அந்த முறையில் 18 முத்திரைக்கு உரியவை. முத்திரை வழங்கும் பொறுப்பு வீடியோ தர மன்றத்தின் விளையாட்டுப் பிரிவுக்குச் சென்றது. தீங்கு நேரக்கூடும் என்ற அதே பிரிவின்கீழ் சான்றிதழை மறுக்கும் அதிகாரமும் கூடவே சென்றது.

அந்த அதிகாரம் 2018இல் பயன்படுத்தப்பட்டது. 'ஒமேகா லேபிரிந்த் ஸீ' என்ற ஜப்பானிய விளையாட்டு, வன்முறைக்காக அன்றி, சிறுமிகளைப் போலத் தோன்றும் பாத்திரங்களைப் பாலியல் நோக்கில் காட்டியதற்காக மறுக்கப்பட்டது. மன்றம் தன் காரணங்களை எழுதி வெளியிட்டது. அந்த மறுப்பை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஏற்காதவர்களும் அதைப் படித்து மறுக்க முடிந்தது. பிரிட்டனின் அதிகாரம் பிரிட்டனின் எல்லையோடு முடிந்தது. பின்னர் வெளியீட்டாளர் இன்னொரு அறிவிப்பை வெளியிட்டார்: கருவித் தயாரிப்பாளரின் விருப்பத்தை மதித்து, ஐரோப்பா முழுவதிலும் அமெரிக்காவிலும் வெளியீட்டைக் கைவிடுகிறோம் என்றது அது. அமெரிக்காவில் அரசுத் தடை எதுவும் இருக்கவில்லை. அந்த விருப்பத்துக்கான காரணம் அறிவிப்பில் இல்லை.